புதிய பிக்கப் வண்டியை வைத்துப் பேணும் முறை
(தவளக்குப்பம் சுற்றுவட்டார வண்டிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு பாடம்)

கிராமத்தில் விளைந்த பொருள் சந்தையைச் சேருமளவும் பாதிப் பொருளே யாகும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த தவளக்குப்பம் இவ்வுண்மையை நன்கறிந்த ஊர். கிழக்கே நல்லவாட்டில் பிடிபடும் மீனும், தெற்கே பாகூர்ப் பகுதியின் நெல்லும் கரும்பும், மணற்பாங்கான நிலங்களில் வளரும் சவுக்கும், தோட்டக் காய்கறிகளும் இச்சாலை வழியாகவே பட்டணங்களை அடைகின்றன. முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டி செய்த இவ்வேலையைத் தற்போது பிக்கப் என வழங்கும் சிறு பாரவண்டி செய்துவருகிறது. ஆகையால் அவ்வண்டியைப் பேணும் முறையைக் கற்பது, பயிர்த்தொழிலையும் கால்நடை வளர்ப்பையும் கற்பதைப் போலவே கிராமவாசிகளுக்கு அவசியமாயிற்று.

முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த தொட்டியுமாக அமைந்த இவ்வகை வண்டியை, தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நமது நாட்டில் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி, கிராமத்துச் சிறு முதலாளிக்கும் நான்கு சக்கரப் பாரவண்டி எட்டும் என்பதைக் காட்டிற்று. அதனினும் பெரிய வகைகளில் மகிந்திரா பொலேரோ பிக்கப்பும், ஓசூரில் உற்பத்தியாகி 2011 முதல் விற்பனைக்கு வந்த அசோக் லேலண்டு தோஸ்த்தும் நம் சாலைகளில் அடிக்கடி காணப்படுவன. அமெரிக்காவில் பிக்கப் வண்டி பல குடும்பங்களுக்குச் சவாரி வண்டியாகவும் பயன்படுகிறது. நமக்கோ அது பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கிய பிழைப்பு. எனவே அதன் பராமரிப்பு குடும்பத்தின் வரவு செலவோடு பிரிக்க முடியாதபடி பிணைந்து நிற்கிறது.

இப்பாடம் வற்புறுத்துவது ஒன்றே. வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தன் விலையில் ஒரு சிறு பகுதியை இழக்கிறது. அப்பகுதியை அன்றன்றே எடுத்து வைக்காதவன், லாபம் என்று எண்ணித் தன் முதலையே உண்கிறான்.

1. வண்டியின் உண்மையான தினச் செலவு

ஓர் உதாரணத்தைக் கவனிப்போம். வண்டியின் விலை 10 லட்சம் ரூபாய் என்றும், கைப்பணம் 2 லட்சம் போக 8 லட்சத்தை நூற்றுக்குப் பத்து வருஷ வட்டியில் ஐந்து வருஷத் தவணைக்குக் கடன் பெற்றதாகவும் வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 17,000 ரூபாய் ஆகும். அறுபது மாதங்களில் கட்டும் தொகை 10 லட்சத்து 20 ஆயிரம். அதில் வட்டி மட்டும் 2 லட்சத்து 20 ஆயிரம். மாதத்தில் 25 நாட்கள் வண்டி ஓடினால் தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 680 ரூபாய் வேண்டும்.

அடுத்தது காப்பீடும் வரியும் தகுதிச் சான்றும். இவற்றிற்கு வருஷத்தில் 50,000 ரூபாய் என்று கொண்டால், 300 ஓட்ட நாட்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 167 ரூபாய். டயர் ஒன்று 7,000 ரூபாயாக நான்கும் 28,000 ரூபாய் ஆகி, அவை 40,000 கிலோமீட்டர் ஓடுமானால், கிலோமீட்டருக்கு 70 பைசா தேய்கிறது. கிளட்ச், பிரேக்கு, பாட்டரி, எண்ணெய் முதலியவற்றிற்கு 80 பைசா சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது 150 ரூபாய்.

இம்மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஆகிறது. டீசலும் ஓட்டுநர் கூலியும் இதில் சேரவில்லை. மாலையில் கையில் மிஞ்சிய 1,800 ரூபாயைக் கண்டு மகிழ்பவர், அதில் 1,000 ரூபாய் தம்முடையதன்று என்பதை அறிந்திருத்தல் வேண்டும். விலைகளும் வட்டியும் இடத்திற்கு இடம் வேறுபடும். ஒவ்வொருவரும் தத்தம் வண்டிக்குரிய எண்களை இட்டு இக்கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தல் நன்று.

கடன் தீர்ந்த பின்னரே பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். தவணை நின்றுவிட்டபடியால் வரும் பணமெல்லாம் ஆதாயமே என்று கருதி, கலியாணத்திற்கும் வீட்டிற்கும் செலவிட்டுவிடுவர். எட்டாம் வருஷத்தில் வண்டி தளர்ந்ததும் மறுபடியும் முழுக்கடனுக்கு அலைவர். மேற்கண்ட உதாரணத்தில், கடன் தீர்ந்த பின் மூன்று வருஷங்களுக்குத் தவணையில் பாதியாகிய 8,500 ரூபாயை மாதந்தோறும் தபாலாபீசிலோ வங்கியிலோ போட்டு வந்தால் 3 லட்சத்து 6 ஆயிரம் சேரும். பழைய வண்டி 3 லட்சத்திற்கு விலைபோனால், அடுத்த வண்டிக்கு 6 லட்சம் கைமுதல் உண்டு. முதல் தடவை 2 லட்சத்தோடு தொடங்கியவர் இரண்டாம் தடவை பாதிக்குமேல் சொந்தப் பணத்தோடு தொடங்குவார்.

2. ஏற்றத்தக்க பாரம்

எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைத் தொட்டியின் அளவு சொல்லாது. பதிவுச் சான்றே சொல்லும். அதில் வெற்று எடை என்றும் மொத்த எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 2,990 கிலோவும் வெற்று எடை 1,700 கிலோவும் ஆனால், வித்தியாசம் 1,290 கிலோ. இதில் ஓட்டுநரும் உதவியாளரும் 140 கிலோ. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி முதலியன 30 கிலோ. எஞ்சிய 1,120 கிலோவே சரக்கிற்கு உரியது. 40 கிலோ நெற்சிப்பமானால் 28 சிப்பங்கள். தொட்டியின்மேல் 80 கிலோ இரும்புச் சட்டம் பொருத்திவிட்டால் ஒவ்வொரு நடையிலும் இரண்டு சிப்பங்களை அச்சட்டமே தின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

கண்ணளவு எவ்வளவு தவறானது என்பதற்கு மணல் தக்க சான்று. உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,600 கிலோ எடையுள்ளது. ஈரமணல் அதனினும் கனமானது. இரண்டரை மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1,120 கிலோ உலர்மணல் பரப்பினால், அது ஒரு சாண் உயரத்திற்கும் குறைவாகவே நிற்கும். வைக்கோலோ தொட்டியை நிறைத்து மேலெழும்பினும் எடை அளவுக்குள் அடங்கக்கூடும். ஆதலின் எடை மேடையில் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, மணல், செங்கல், சவுக்கு, பனிக்கட்டியுடன் கூடிய மீன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிகப் பாரத்தால் வரும் கேடுகள் மூன்று. முதலாவது, டயர் சூடேறி விரைவில் தேய்ந்து வெடிக்கும். வில்தட்டுகளும் பின் அச்சும் தளரும். இரண்டாவது, நிறுத்தும் தூரம் நீளும். வேகம் இரட்டித்தால் பிரேக்கு அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. அதனோடு எடையும் மிகுந்தால் பள்ளிச் சிறுவர் சாலையைக் கடக்கும் நாற்சந்தியில் நேரக்கூடியதை விவரிக்க வேண்டுவதில்லை. மூன்றாவது, நமது கிராமச் சாலை கெடும். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைப் பரிசோதனையின் முடிவுப்படி, அச்சின்மேல் விழும் பாரம் உயர உயரச் சாலையின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியளவு உயர்கிறது. அச்சுப் பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அச்சாலையின் குழிகளிலேயே நாளை நம் வண்டி ஓட வேண்டியிருக்கிறது.

பாரத்தைத் தொட்டியின் பின்கோடியில் குவித்தல் தவறு. முன் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வண்டி திருப்பிய பக்கம் திரும்பாது. கனமானவை அடியிலும், ஓட்டுநர் அறையை ஒட்டியும் இருத்தல் வேண்டும். சவுக்குக் கழிகளும் இரும்புக் கம்பிகளும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பின்னே வருவோரின் உயிருக்கு ஆபத்தாகும்.

3. தினந்தோறும் ஐந்து நிமிஷம்

காலையில் எஞ்சினை முடுக்குமுன், வண்டி சமதரையில் நிற்கையில் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் அளவுகோலில் இரு குறிகளுக்கு நடுவே நிற்கிறதா? குளிர்விக்கும் திரவம் அளவில் உள்ளதா? பிரேக்குத் திரவம் குறைந்துள்ளதா? தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்துள்ளதா? விளக்குகளும் ஊதுகுழலும் வேலை செய்கின்றனவா? சக்கரத் திருகுகள் இறுகியுள்ளனவா? சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

டயரின் காற்றை வாரம் ஒரு முறையேனும், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது வண்டியுடன் வந்த கைப்புத்தகத்திலும், பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தகட்டிலும் குறித்திருக்கும். வெறும் வண்டிக்கும் பார வண்டிக்கும் பின் சக்கரங்களில் அளவு வேறுபடலாம். காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் தேய்கிறது. காற்று மிகுந்த டயர் நடுவில் தேய்கிறது. தேய்ந்த இடத்தைப் பார்த்தே குறையை அறியலாம்.

புதிய வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டரளவும் மிதமான வேகத்திலும் மிதமான பாரத்திலும் ஓட்டுவது நன்று; பல்சக்கரங்களும் பிரேக்குத் தகடுகளும் ஒன்றோடொன்று படிந்து இசைவதற்கு அவகாசம் வேண்டும். முதல் சர்வீசைக் கைப்புத்தகம் கூறும் தூரத்திலோ காலத்திலோ, எது முந்துகிறதோ அப்போது செய்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ரசீது இல்லாத சர்வீசு உத்தரவாதக் காலத்தில் உரிமை கோரும்போது உதவாது.

டீசல் கணக்கும் ஒரு வைத்தியனே. தொட்டி நிறைய டீசல் போட்டுத் தூரமானியைக் குறித்துக்கொண்டு, மறுமுறை நிறையப் போடும்போது சென்ற தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். இவ்வெண் மெல்லக் குறைந்துவருமானால், காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருக்கலாம். டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். பிரேக்கு விடாமல் உராயலாம். நோய் முற்றுமுன் இவ்வெண்ணே எச்சரிக்கிறது.

4. புதிய எஞ்சின்களின் தனி இயல்பு

2020 ஏப்ரல் 1 முதல் நமது நாட்டில் விற்கப்படும் புதிய மோட்டார் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. பழைய வண்டிகளில் பழகிய கை, இவற்றில் சில புதிய விஷயங்களைக் கற்றாக வேண்டும்.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி ஒன்று உண்டு. அது கரியைப் பிடித்துவைத்து, புகைக்குழாய் நன்கு சூடேறும்போது எரித்துவிடுகிறது. தவளக்குப்பத்திலிருந்து நல்லவாட்டிற்கும் பூரணாங்குப்பத்திற்குமாகக் குறுகிய தூரமே ஓடி ஓடி நிற்கும் வண்டியில் இச்சூடு ஏறுவதில்லை. கரி சேர்ந்து எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது கைப்புத்தகத்தில் கூறியபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்து தீரும். விளக்கைப் பொருட்படுத்தாமல் நாட்கணக்கில் ஓட்டினால் வடிகட்டியே பாழாகும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடும்படி கூறுவோரின் யோசனையை ஏற்கலாகாது, அது சட்டவிரோதம், எஞ்சினின் கணிப்பொறியும் ஒழுங்கு கெடும். எண்ணெயும் இவ்வடிகட்டிக்கு ஏற்றதாகக் கைப்புத்தகம் குறித்த வகையாகவே இருத்தல் வேண்டும்.

சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்கெனத் தனித்தொட்டி இருக்கும். அக்கரைசல் நூற்றுக்கு 32.5 பங்கு மிகத் தூய யூரியாவும் எஞ்சியது தூய நீருமாகும். உரக்கடை யூரியாவை வீட்டிலே கரைத்து ஊற்றினால் என்ன என்று விவசாயிக்குத் தோன்றுவது இயல்பு. அது பெருநஷ்டமாய் முடியும். 2015 முதல் நமது நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பெற்றே வருகிறது. அதில் வேறு கலப்புகளும் உண்டு. அவை ஊசித்துளையை அடைத்துப் புகைச் சுத்திகரிப்புக் கருவியைக் கெடுக்கும். சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்கப் போய்ப் பல்லாயிரம் ரூபாய்க் கருவியை இழக்க நேரும்.

5. உப்பும் வெள்ளமும்

நமது பகுதியின் தனிப் பகை உப்பு. கடற்காற்றிலும் மீன் பெட்டியின் பனிநீரிலும் உள்ள உப்பு இரும்பை அரிக்கிறது. மீன் ஏற்றும் வண்டியில் பெட்டியின் வடிநீர் சட்டத்தின்மேல் விழாமல் ஒரு குழாய் வழியே வெளியேறும்படி அமைக்க வேண்டும். ஒவ்வொரு மீன் நடைக்குப் பின்னும் தொட்டியையும் அடிப்பாகத்தையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். மறுநாள் என்று தள்ளலாகாது. தொட்டியின் மூலைகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் துரு கண்டவுடன் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும். பாட்டரி முனைகளைச் சுத்தம்செய்து வாசலைன் தடவினால் பூஞ்சு படியாது.

மழைக்கால வெள்ளமும் நமக்குப் புதிதன்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரியருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்து, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிவரை நீர் சூழ்ந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் எஞ்சினை உடனே முடுக்கிப் பார்ப்பது பெருந்தவறு. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் காற்றைப்போல் அது சுருங்காது. இணைப்புத் தண்டு வளைந்து எஞ்சின் முழுதும் சேதமுறும். பாட்டரி இணைப்பை நீக்கி, வண்டியை இழுத்துச் சென்று மெக்கானிக்கிடம் காட்டிய பின்னரே முடுக்க வேண்டும். புயல் எச்சரிக்கை கிடைத்ததும் வண்டியை மேட்டில் நிறுத்துவது இவையனைத்தினும் மலிவு.

6. சட்டமும் காப்பீடும்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டுவதில்லை, மேற்பட்டால் வேண்டும். தவளக்குப்பத்திலிருந்து கடலூர் செல்பவர் முள்ளோடையைத் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறார். ஆகவே பர்மிட் வேண்டிய வண்டிக்கு அது அம்மாநிலத்திலும் செல்லத்தக்கதா என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே விசாரித்தறிதல் நலம். புதிய வண்டிக்குத் தகுதிச் சான்று முதலில் இரண்டு வருஷம் செல்லும். எட்டு வருஷமளவும் இரண்டு வருஷத்திற்கொரு முறையும், பின்னர் வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும். 2019ஆம் வருஷத் திருத்தப்படி அதிகப் பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சரக்கு வெளியே நீட்டியிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. பல நடைகளின் கூலி ஒரே நாளில் போய்விடும்.

இதனினும் கொடியது ஆட்களை ஏற்றுவது. கோயில் திருவிழாவிற்கும் சாவு வீட்டிற்கும் உறவினர்களைத் தொட்டியில் ஏற்றிச் செல்வது உபகாரமாகத் தோன்றும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்கு நேரும் விபத்திற்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு செல்வதற்கே சட்டத்தில் இடமுண்டு. வளைவில் வண்டி கவிழ்ந்தால், உறவினரின் உயிரும் போய், நஷ்டஈட்டுப் பொறுப்பும் வண்டிச் சொந்தக்காரரின் வீட்டையும் நிலத்தையும் தொடரும். மறுப்பது வருத்தமாயினும், அதற்கென வேறு வண்டி அமர்த்துவதே உண்மையான உபகாரம்.

7. சொந்தக்காரரும் ஓட்டுநரும்

சொந்தக்காரர் ஒருவரும் ஓட்டுநர் ஒருவருமாயிருக்குமிடத்தில், மேற்கூறிய யாவும் ஓட்டுநரின் கையிலேயே உள்ளன. நடைக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசினால், அதிக நடையும் அதிக வேகமும் குறைந்த தூக்கமுமே விளையும். காலைச் சோதனை செய்யவும் மாலையில் கழுவவும் உரிய நேரத்தைக் கூலியிற் சேர்த்துக் கணக்கிடல் நியாயம். தேதி, தூரம், சரக்கு, டீசல், கண்ட குறை ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே இருக்கட்டும். குறையைச் சொன்ன ஓட்டுநரைக் கடிந்துகொண்டால், அடுத்த குறை அதில் ஏறாது. அது சாலையில்தான் வெளிப்படும்.

பாடச் சுருக்கம்

பதிவுச் சான்றின் எடைக்குள் ஏற்றுக. காலையில் ஐந்து நிமிஷம் பார்க்க. மாலையில் உப்பைக் கழுவுக. எச்சரிக்கை விளக்கை மதிக்க. ஆட்களை ஏற்றற்க. தேய்மானத்திற்கு உரியதை அன்றாடம் எடுத்துவைத்து, எஞ்சியதையே வருமானமென்று கொள்க.

கூடி ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் வண்டியின் மொத்த எடைக்கும் வெற்று எடைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு? அதில் ஆட்களும் கருவிகளும் போகச் சரக்கிற்கு எஞ்சுவது எத்தனை கிலோ?
2. டீசலும் கூலியும் நீங்கலாக உங்கள் வண்டியின் தினச் செலவு யாது?
3. கடன் தீர்ந்த மாதத்திலிருந்து எவ்வளவு தொகையை, எங்கே சேமிக்க எண்ணுகிறீர்கள்?
4. கனத்த பார வண்டிகளால் உங்கள் ஊர்ச் சாலையில் எவ்விடங்கள் கெட்டுள்ளன? அதைக் குறைக்க வண்டிச் சொந்தக்காரர் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய ஏற்பாடு யாது?